விரலுக்குள் வழி தவறும் வெளிச்சம்

ராத்திரி கரண்ட் போகும்போது ஒருமுறை இதைச் செய்து பாருங்கள். செல்போன் டார்ச்சைப் போட்டு, அதன் மேல் விரல் நுனியை வைத்து மூடுங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். ஓரத்தில் கொஞ்சம் ஆரஞ்சு, நடுவில் அடர் சிவப்பு. குழந்தைகள் இருக்கிற வீட்டில் இது நன்றாகத் தெரிந்த விளையாட்டுதான். இப்போது அந்த விரலை உற்றுப் பாருங்கள். எலும்பு எங்கே?

ஒளி விரலைக் கடந்து வெளியே வருகிறது, அதைக் கண்ணால் பார்க்கிறோம். நடுவில் எலும்பு இருக்கிறது, அதுவும் நிச்சயம். ஆனால் அதன் நிழல்கூட விழுவதில்லை. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரிகிற எலும்பு டார்ச் வெளிச்சத்தில் கரைந்துபோன மாதிரி காணாமல் போகிறது. ஒளி வந்து சேர்ந்துவிட்டது, படம் வந்து சேரவில்லை. உடம்புக்குள் ஒளியைக் கொண்டு பார்க்க நினைக்கிற ஒவ்வொருவரும் முதலில் மோதிக்கொள்வது இந்தச் சுவரில்தான்.

சரி, எக்ஸ்ரே இருக்கிறதே, ஸ்கேன் இருக்கிறதே, ஒளியை எதற்குப் பிடித்துத் தொங்க வேண்டும்? காரணம் இருக்கிறது. எக்ஸ்ரே அடர்த்தியைக் காட்டும். எலும்பு கெட்டி, சதை மெது என்று சொல்லும். ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. ஒளிக்குத் தெரியும், ஏனென்றால் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்துக்கு ஒரு நிறம், இறங்கிய ரத்தத்துக்கு வேறு நிறம். நிறம் என்பது உள்ளே நடக்கும் வேதியியலின் அடையாளம். போதாததற்கு, அளவோடு பயன்படுத்தினால் ஒளியால் கதிர்வீச்சு ஆபத்து கிடையாது. பச்சைக் குழந்தையின் மேலும் மணிக்கணக்கில் காட்டலாம்.

உள்ளே போகிற ஒளிக்கு இரண்டு கதி நேரலாம். அதைப் புரிந்துகொள்ள சமையலறைக்குப் போனால் போதும். ஒரு டம்ளரில் கெட்டி டிகாஷன், இன்னொன்றில் பால். இரண்டிலும் ஒரு ஸ்பூனைப் போடுங்கள். இரண்டிலும் ஸ்பூன் தெரியாது. ஆனால் காரணம் வேறு வேறு. டிகாஷன் ஒளியை விழுங்கிவிடுகிறது, அதனால்தான் கறுப்பாக இருக்கிறது. பால் கண்ணுக்குத் தெரிகிற ஒளியை விழுங்குவதே இல்லை என்று சொல்லலாம். வாங்கியதையெல்லாம் திருப்பிக் கொடுத்துவிடுகிறது, அதனால்தான் வெள்ளையாக இருக்கிறது. பாலில் மிதக்கும் நுண்ணிய கொழுப்புத் துளிகளில் பட்டுப் பட்டு ஒளி திசை மாறிக்கொண்டே போகிறது. ஸ்பூனில் பட்ட ஒளியும் வெளியே வரத்தான் செய்கிறது, ஆனால் எங்கிருந்து கிளம்பினோம் என்பதை மறந்துவிட்டு வருகிறது. முதலில் சொன்னது உறிஞ்சுதல், இரண்டாவது சிதறல்.

சிவப்பு ஒளிக்கு நம் சதை பால் தூக்கலான காபி மாதிரி. டிகாஷன் கொஞ்சம்தான், பால்தான் அதிகம். திசுவுக்குள் நுழைந்த சிவப்பு ஒளி சராசரியாக 0.1 மில்லிமீட்டர் போவதற்குள் எதிலாவது பட்டுத் திசை மாறிவிடும். ஒவ்வொரு முறையும் கொஞ்சமாகத்தான் திரும்பும், பெரும்பாலும் முன்னோக்கித்தான் போகும். ஆனால் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் ஆழத்துக்குள் அந்தக் கொஞ்சங்கள் சேர்ந்து, கிளம்பிய திசையே அழிந்துபோகும். அதே ஒளி விழுங்கப்பட வேண்டுமானால் உள்ளேயே பல சென்டிமீட்டர் தூரம் அலைய வேண்டும். அதற்குள் நூற்றுக்கணக்கான திருப்பங்கள் நடந்து முடிந்திருக்கும். விரல் ஒளிர்வதும் இதனால்தான், எலும்பு தெரியாமல் போவதும் இதனால்தான்.

ஏன் சிதறுகிறது? பஜ்ஜியை வைத்துத் தந்த செய்தித்தாளை நினைத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் பட்ட இடம் மட்டும் கண்ணாடி மாதிரி ஆகி, பின்பக்கத்து எழுத்து இந்தப் பக்கம் தெரியும். எண்ணெய் காகிதத்திலிருந்து எதையும் எடுத்துவிடவில்லை. காகிதம் என்பது நார்களும் நடுவில் காற்றும். காற்றில் ஒளி ஒரு வேகத்தில் போகும், நாரில் அதைவிட மெதுவாகப் போகும். இந்த வேக வித்தியாசத்தைத்தான் ஒளிவிலகல் எண் என்று பள்ளியில் படித்தோம். காற்றுக்கு 1, நாருக்கு 1.5க்குப் பக்கம். வேகம் மாறுகிற ஒவ்வொரு எல்லையிலும் ஒளி வளையும். எண்ணெயின் எண் 1.47 அளவில் இருக்கும். காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்ததும் நாருக்கும் இடைவெளிக்கும் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஒளிக்கு எல்லைகளே தெரிவதில்லை, நேராகப் போய்விடுகிறது.

நம் திசுவும் எண்ணெய் படாத காகிதம்தான். செல்லுக்குள் இருக்கும் தண்ணீருக்கு 1.33ஐ ஒட்டிய எண், கொழுப்புக்கும் புரத நார்களுக்கும் அதைவிட அதிகம். ஒவ்வொரு சவ்விலும், ஒவ்வொரு கொலாஜன் இழையிலும் ஒளி வளைந்து வளைந்து போகிறது. இந்தப் பஜ்ஜிக் காகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்பவும் தேவைப்படும்.

அப்புறம் நிறம். டார்ச்சிலிருந்து கிளம்புவது வெள்ளை ஒளி, வெளியே வருவது சிவப்பு மட்டும். நீலத்தையும் பச்சையையும் ரத்தத்தின் ஹீமோகுளோபின் விழுங்கிவிடுகிறது. ஒளியின் நிறத்தை அதன் அலைநீளத்தால் சொல்வார்கள், சிவப்புப் பக்கம் போகப் போக அது கூடும். சுமார் 650 நானோமீட்டர் அலைநீளத்தைத் தாண்டியதும் அதன் பசி சட்டென்று குறைகிறது. 950ஐத் தாண்டினால் தண்ணீர் விழுங்கத் தொடங்கும். நடுவில் இருக்கிற இந்த இடைவெளியை ஆராய்ச்சியாளர்கள் ஒளிச் சாளரம் என்கிறார்கள். நம் கண்ணுக்குத் தெரிவது ஏறக்குறைய 700 வரைதான். ஆகவே இந்தச் சாளரத்தின் பெரும்பகுதி நமக்குத் தெரியாத அகச்சிவப்பு. டிவி ரிமோட்டின் முனையைச் செல்போனின் செல்ஃபி கேமரா முன்னால் பிடித்து ஒரு பட்டனை அழுத்துங்கள். பெரும்பாலான போன்களில் வெளிர் ஊதாவாக ஒரு புள்ளி மின்னும். அந்த ஒளி சாதாரணமாக 940 நானோமீட்டர், சாளரத்தின் விளிம்பு.

வழி தவறிய ஒளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முதல் வழி, படமே வேண்டாம் என்று விட்டுவிடுவது. 1831ல் லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் பிரைட், மூளையில் நீர் கோத்த ஒரு நோயாளியின் தலைக்குப் பின்னால் மெழுகுவர்த்தியைப் பிடித்தால் தலை ஒளிர்வதை எழுதி வைத்தார். நீரில் சிதறல் குறைவு, அதனால் ஒளி ஊடுருவியது. இன்றும் பச்சிளம் குழந்தைகள் பிரிவில், நுரையீரலுக்கு வெளியே காற்று சேர்ந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் குழந்தையின் மார்பில் விளக்கை வைத்துப் பார்ப்பார்கள். காற்று சேர்ந்த பக்கம் பளீரென்று ஒளிரும்.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கி வைத்த ஆக்சிமீட்டரும் இந்த வகைதான். விரலில் மாட்டும் அந்தக் கிளிப்புக்குள் இரண்டு குட்டி விளக்குகள்: ஒன்று 660 நானோமீட்டர் சிவப்பு, மற்றது 940 அகச்சிவப்பு. ஆக்சிஜன் இல்லாத ஹீமோகுளோபின் 660ஐ அதிகம் விழுங்கும். ஆக்சிஜன் ஏறியது 940ஐ அதிகம் விழுங்கும். எது எவ்வளவு குறைந்தது என்ற விகிதத்தை வைத்து ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று சொல்லிவிடலாம். ஆனால் விரலில் தோல், எலும்பு, நகம் எல்லாம் ஒளியை மறைக்கின்றனவே, அவற்றை எப்படிக் கழிப்பது? ஜப்பானில் நிஹான் கோடன் நிறுவனத்தில் வேலை பார்த்த தாகுவோ அயோயாகி என்ற பொறியாளர் 1970களின் தொடக்கத்தில் இதற்கு விடை கண்டுபிடித்தார். அவர் முதலில் அளக்க நினைத்தது வேறு விஷயம். நாடித்துடிப்பு குறுக்கே வந்து அளவீட்டைக் கெடுத்துக்கொண்டே இருந்தது. அந்தத் துடிப்பை ஒழிக்கப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு, தேவையானதே அதுதான் என்று புரிந்தது. எலும்பு துடிக்காது, தோல் துடிக்காது. தமனி ரத்தம் மட்டும்தான் துடிக்கும். ஏறி இறங்குகிற பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டால் மற்றவை தாமாகக் கழிந்துவிடும். 1974ல் இதை வெளியிட்டார். 2020 ஏப்ரலில், உலகமே அவர் கருவியைத் தேடிக்கொண்டிருந்தபோது, காலமானார்.

இங்கே ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தோலின் கருமை துடிக்காது, ஆகவே அதுவும் கழிந்துவிட வேண்டும் என்பது கணக்கு. நடைமுறை அப்படி இல்லை. 2020ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆக்சிமீட்டர் 92 முதல் 96 வரை காட்டிய கறுப்பின நோயாளிகளிடம் எடுத்த அளவீடுகளில் 11.7 சதவீதத்தில் தமனி ரத்தத்தின் உண்மையான அளவு 88க்கும் கீழே இருந்தது. வெள்ளையரிடம் அது 3.6 சதவீதம். கருவி நன்றாக இருக்கிறது என்று சொல்லும்போது உடம்பு திணறிக்கொண்டிருந்திருக்கிறது. கறுத்த தோல் உள்ள நமக்கும் இது பொருந்தும் விஷயம். மூச்சு வாங்கினால், கருவி 95 காட்டுகிறதே என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது.

1977ல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஃபிரான்ஸ் ஜாப்ஸிஸ், அகச்சிவப்பு ஒளி மண்டை ஓட்டையும் தாண்டும் என்று காட்டினார். நெற்றியில் ஓரிடத்தில் ஒளியை விட்டு, சில சென்டிமீட்டர் தள்ளி வெளியே வருவதைப் பிடித்தால், அந்த ஒளி நடுவில் மூளையின் மேற்பரப்பைத் தொட்டுவிட்டு வந்திருக்கும். அது போய் வந்த பாதையை வரைந்தால் வளைந்த வாழைப்பழம் மாதிரி இருக்கும். ஆய்வுக்கட்டுரைகளிலேயே அதற்கு வாழைப்பழம் என்றுதான் பெயர். மூளைக்கு ஆக்சிஜன் போகிறதா என்று அறுவை சிகிச்சையின்போது கண்காணிக்க இந்த வழி உதவுகிறது. இதிலும் கூர்மையான படம் கிடைக்காது.

கூர்மையான படம் வேண்டுமென்றால், வழி தவறாமல் திரும்பி வந்த ஒளியை மட்டும் பொறுக்கி எடுக்க வேண்டும். அதைச் செய்கிற கருவியை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பு உண்டு. கண் ஆஸ்பத்திரியில் ஓசிடி ஸ்கேன் என்று எழுதிக் கொடுப்பார்கள். ஆப்டிகல் கோஹெரன்ஸ் டோமோகிராபி என்பதன் சுருக்கம். அம்மாவுக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருஷம் ஆன பிறகு, எழுத்து வளைந்து தெரிகிறது என்று சொன்னபோது நானும் கூடப் போயிருந்தேன். தாடையை ஒரு மேடையில் வைத்து, நெற்றியைப் பட்டையில் ஒட்டி, உள்ளே தெரிகிற புள்ளியைப் பார்க்கச் சொன்னார்கள். "கண்ணைச் சிமிட்டாதீங்கம்மா, அவ்ளோதான், முடிஞ்சுது." சில நொடிதான். திரையில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு என்னால் பேச முடியவில்லை. பரோட்டாவைக் குறுக்கே வெட்டிய மாதிரி அடுக்கடுக்காக விழித்திரை. மொத்தம் கால் மில்லிமீட்டர் தடிமன் இருக்குமா? அதற்குள் ஒவ்வோர் அடுக்கும் தனித்தனியாகத் தெரிந்தது. நடுவில் பள்ளமாக இருக்க வேண்டிய இடம் மேடாக உப்பி, உள்ளே கறுப்பாக இரண்டு குமிழ். அது கசிந்து தேங்கிய நீர் என்று டாக்டர் விளக்கினார். நீரில் ஒளியைத் திருப்பி அனுப்ப எதுவும் இல்லை, அதனால் கறுப்பு. கத்தி வைக்காமல், தொடக்கூட இல்லாமல், உயிருள்ள கண்ணின் குறுக்குவெட்டு அது.

இது எப்படிச் சாத்தியம்? அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எதிரொலியை வைத்து வேலை செய்கிறது. சத்தம் போய்ப் பட்டுத் திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்த்தால் எவ்வளவு ஆழம் என்று தெரிந்துவிடும். ஒளியிலும் அதையே செய்யலாம். சிக்கல் என்னவென்றால், ஒளி பத்து மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) தூரத்தைக் கடக்க சுமார் 33 ஃபெம்டோ நொடிதான் எடுத்துக்கொள்கிறது. ஒரு ஃபெம்டோ நொடி என்பது ஒரு நொடியின் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு. அதை நேரடியாக அளக்கும் மின்னணுக் கடிகாரம் எங்கேயும் கிடையாது.

கடிகாரத்துக்குப் பதிலாக இன்னோர் ஒளிக்கற்றையையே வைத்துக்கொண்டார்கள். ஒளியை இரண்டாகப் பிரித்து ஒன்றைக் கண்ணுக்குள்ளும் மற்றதை ஒரு கண்ணாடிக்கும் அனுப்புகிறார்கள். இரண்டும் திரும்பி வந்து ஒன்று சேர்கின்றன. இரண்டு பாதைகளின் நீளமும் சரியாகப் பொருந்தினால் அலைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கூடியும் குறைந்தும் ஒரு வரிவடிவம் உண்டாகும். பொருந்தாவிட்டால் உண்டாகாது.

இதற்கு லேசர் மாதிரி ஒரே நிறமுள்ள ஒளி உதவாது என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம். கல்யாண வீட்டில் சுருதிப்பெட்டியின் ஒலி ஒரே சீராகப் போய்க்கொண்டே இருக்கும். அதைப் பதிவு செய்து இரண்டு ஸ்பீக்கரில் போட்டு, ஒன்றைக் கொஞ்சம் தாமதமாக ஓட விட்டால் எவ்வளவு தாமதம் என்று யாராலும் சொல்ல முடியாது. எந்த நொடியும் மற்ற நொடி மாதிரியே இருக்கிறது. தவிலைப் போட்டுப் பாருங்கள். சொற்கட்டு மாறி மாறி விழுவதால் இம்மி பிசகினாலும் காது கண்டுபிடித்துவிடும். இரண்டும் சரியாகப் பொருந்துகிற இடம் ஒன்றே ஒன்றுதான். லேசர் சுருதிப்பெட்டி மாதிரி. பல நிறங்கள் கலந்த ஒளி தவில் மாதிரி. எத்தனை நிறங்கள் அதில் கலந்திருக்கின்றனவோ அந்த அளவுக்குப் பொருத்தமும் கறாராக இருக்கும். ஓசிடியில் பயன்படுவது பல நிறம் கலந்த அகச்சிவப்பு. அதனால்தான் ஐந்து, பத்து மைக்ரான் இடைவெளியில் இருக்கிற இரண்டு அடுக்குகளைப் பிரித்துக் காட்ட முடிகிறது. சிதறி அலைந்து திரும்புகிற ஒளியில் பெரும்பகுதி நீண்ட பாதை வழியாக வருகிறது. அது கண்ணாடியிலிருந்து வந்த ஒளியோடு பொருந்தாமல் வெறும் பின்னணி மங்கலாக ஒதுங்கிவிடுகிறது.

இந்த முறையை 1991ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் டேவிட் ஹுவாங், எரிக் ஸ்வான்சன், ஜேம்ஸ் ஃபுஜிமோட்டோ ஆகியோரின் குழு வெளியிட்டது. ஹுவாங் அப்போது மாணவர். இரண்டே வருஷத்தில், 1993ல், உயிருள்ள மனிதர்களின் விழித்திரைப் படங்கள் வந்துவிட்டன. மூவருக்கும் 2023ல் மருத்துவ ஆராய்ச்சிக்கான லாஸ்கர் விருது கிடைத்தது. முதல் கருவிகளில் கண்ணாடியை முன்னும் பின்னும் நகர்த்தி ஒவ்வோர் ஆழமாகப் படிக்க வேண்டியிருந்தது. இப்போது திரும்பி வரும் ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து எல்லா ஆழத்தையும் ஒரே மூச்சில் கணக்கிட்டுவிடுகிறார்கள். அம்மாவுக்குச் சில நொடியில் முடிந்தது அதனால்தான். கண்ணுக்குள் ஊசி போட்டு, சில வாரம் கழித்து அதே மேடையில் தாடையை வைத்தபோது ஒரு குமிழ் காணவில்லை, இன்னொன்று பாதியாக வற்றியிருந்தது.

ஓசிடிக்கும் எல்லை உண்டு. விழித்திரைவரை போக முடிவது கண்ணின் முன்பகுதி தெளிவாக இருப்பதால். தோலில் ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போனால், வழி தவறாத ஒளி எதுவும் மிஞ்சாது. மூளை ஆராய்ச்சியில் இன்னொரு தந்திரம் பயன்படுகிறது. 1990ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டெங்க், ஸ்ட்ரிக்லர், வெப் மூவரும் செய்த இரு ஃபோட்டான் நுண்ணோக்கி. ஃபோட்டான் என்றால் ஒளியின் ஒரு துகள். இரண்டு ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் வந்து பட்டால்தான் மூலக்கூறு ஒளிரும்; ஒளி குவிகிற புள்ளியில் மட்டுமே அது நடக்கும். பிறகு அந்த ஒளிர்வு எங்கே சிதறி எப்படி வந்தாலும் கவலை இல்லை, எங்கிருந்து கிளம்பியது என்பது முன்பே தெரியும். எலியின் மூளைக்குள் சுமார் ஒரு மில்லிமீட்டர்வரை இப்படிப் பார்க்கலாம்.

இன்னும் ஆழம் வேண்டுமென்றால்? போகும்போது ஒளி, திரும்பும்போது ஒலி. மின்னல் காற்றைச் சட்டென்று சூடாக்க, அது விரிந்து இடியாகக் கேட்கிறதல்லவா, அதேதான். லேசரை நானோ நொடி நேரம் (நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு) மின்ன விட்டால், உள்ளே இருக்கும் ரத்தக்குழாய் ஒளியை விழுங்கி ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஒரு பங்கு போலச் சூடாகும். நோயாளிக்கு எதுவும் தெரியாது. ஆனால் அந்தத் துளிச் சூட்டில் குழாய் விரிந்து, காதுக்குக் கேட்காத ஒரு குட்டி இடியை எழுப்பும். திசுவில் ஒலி சிதறுவது ஒளியைவிட ஏறக்குறைய ஆயிரம் மடங்கு குறைவு. எனவே வெளியில் வைத்த அல்ட்ராசவுண்ட் உணரிகள் அது எங்கிருந்து வந்தது என்று துல்லியமாகச் சொல்லிவிடும். உள்ளே போன ஒளி வழி தவறியிருந்தாலும் பரவாயில்லை, குழாயை எப்படியோ தொட்டால் போதும். ஒளி பட்டால் பொருளிலிருந்து ஒலி எழும் என்பதை அலெக்சாண்டர் கிரகாம் பெல் 1880லேயே கண்டிருந்தார். அதை வைத்து இப்போது மார்பகத்துக்குள் சில சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் ரத்தக்குழாய்களைப் படம் எடுக்கிறார்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சிதறலை ஒப்புக்கொண்டு, அதைச் சுற்றிப் போகிற வழிகள். சிதறலையே நிறுத்த முடியாதா? இங்கேதான் பஜ்ஜிக் காகிதம் திரும்ப வருகிறது. 2024 செப்டம்பரில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் உயிருள்ள எலியின் வயிற்றுத் தோலில் ஒரு மஞ்சள் கரைசலைத் தடவினார்கள். சில நிமிஷத்தில் தோல் ஆரஞ்சு நிறக் கண்ணாடி மாதிரி ஆகி, உள்ளே குடல் அசைவது தெரிந்தது. தலையில் தடவியபோது மூளையின் ரத்தக்குழாய்கள் தெரிந்தன. அந்தக் கரைசல் டார்ட்ராசின். தின்பண்டங்களுக்குப் போடுகிற மஞ்சள் கலர் பொடி, நம் நாட்டிலும் அனுமதிக்கப்பட்ட ஒன்று.

நிறப்பொடி போட்டால் மங்கலாகத்தானே ஆக வேண்டும், எப்படித் தெளிவாகும்? டார்ட்ராசின் நீல ஒளியை வெறியோடு விழுங்குகிறது. ஒரு பொருள் நீலத்தை அவ்வளவு பலமாக விழுங்கினால், சிவப்புப் பக்கத்தில் அதன் ஒளிவிலகல் எண் உயர்ந்தே தீரும் என்பது இயற்பியலில் பழைய விதி. பொடி கரைந்த தண்ணீர் திசுவுக்குள் ஊறும்போது 1.33ஆக இருந்த தண்ணீரின் எண் ஏறி, பக்கத்தில் இருக்கும் கொழுப்பையும் புரதத்தையும் நெருங்குகிறது. எல்லைகள் மறைகின்றன. எண்ணெய் காகிதத்துக்குச் செய்ததை இது தோலுக்குச் செய்கிறது. நீலத்தை இழந்தாலும் சிவப்பு நேராகப் போய்விடுகிறது.

யாரும் வீட்டில் கலர் பொடியைக் கரைத்துத் தடவிப் பார்க்க வேண்டாம். அவர்கள் பயன்படுத்தியது மிகக் கெட்டியான கரைசல், மனிதர்களிடம் இதைச் சோதிக்கவில்லை. நம் தோல் எலியின் தோலைவிட ஏறக்குறைய பத்து மடங்கு தடிமன். அதற்குள் இவ்வளவு பொடியை எப்படிக் கொண்டு சேர்ப்பது, சேர்த்தால் உடம்புக்கு என்ன ஆகும் என்பதெல்லாம் இனிமேல்தான் பார்க்க வேண்டும். எலிக்கு மட்டும் வேலை சுலபமாக முடிந்தது. தண்ணீர் ஊற்றித் துடைத்தார்கள், கரைசல் கழுவிக்கொண்டு போனது, தோல் பழையபடி மூடிக்கொண்டது.